மணல் குன்றுகளின் நடையை அளந்தவர்
பாலைவனத்து மணல் குன்றுகள் நடக்கும். அவற்றுக்குக் காற்றுதான் கால். அவை எப்படி உண்டாகின்றன, எப்படி நகர்கின்றன, எப்படிக் கரைகின்றன என்பதை அளந்து, கணக்குப் போட்டு, உலகம் ஏற்கும்படி சொன்னவர் ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரி. அவர்தான் ரால்ப் பாக்னால்டு.

ராணுவக் குடும்பம்

பாக்னால்டு 1896-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இங்கிலாந்தில் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் கர்னல். அக்காள் எனிட் பாக்னால்டு, பிற்காலத்தில் புகழ் பெற்ற நாவலாசிரியை.

1915-ல் பாக்னால்டும் ராணுவத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சு போர் முனையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் படித்து விட்டு, மறுபடியும் ராணுவ வேலைக்கே திரும்பினார்.

1926-ல் அவர் எகிப்துக்கு மாற்றப்பட்டார். 1928 முதல் 1931 வரை இந்தியாவில் பணியாற்றினார். எங்கே இருந்தாலும், நீண்ட லீவு கிடைத்தால் லிபியப் பாலைவனத்துக்குக் கிளம்பி விடுவார்.

காரில் பாலைவனப் பயணம்

நைல் நதிக்கு மேற்கே உள்ள அந்தப் பாலைவனத்தில் தண்ணீர் கிடையாது. பாதையும் கிடையாது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் வரை எழும்பும் மணல் குன்றுகள் உண்டு. கார் அங்கே போகாது என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

பாக்னால்டும் நண்பர்களும் சாதாரண போர்டு கார்களில் போனார்கள். டயரில் காற்றைக் குறைத்தால் சக்கரம் மணலில் புதையாது என்று கண்டார்கள். புதைந்தால், இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஏற்றினார்கள்.

ரேடியேட்டரில் கொதிக்கும் நீராவி வீணாகாமல், ஒரு டப்பாவில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்படி செய்தார்கள். காரின் இரும்பு திசைகாட்டியின் முள்ளைக் கெடுக்கும் என்பதால், சூரியனின் நிழலை வைத்துத் திசை காட்டும் கருவியை பாக்னால்டு அமைத்தார்.

அந்தப் பயணங்களில் ஒரு கேள்வி அவர் மனதில் விழுந்தது. சுற்றிலும் வெறும் கல் தரை கிடக்க, மணல் மட்டும் ஏன் ஓரிடத்தில் குவிகிறது? குவிந்த குன்றுகள் ஏன் ஒரே வடிவத்தில் நிற்கின்றன?

நோயில் பிறந்த ஆராய்ச்சி

பின்னர் கிழக்கே ஹாங்காங்குக்கு மாற்றல் வந்தது. அங்கே கடுமையான குடல் நோய் கண்டது. 1935-ல் ராணுவத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 39.

வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பலகையும் கண்ணாடியும் கொண்டு 30 அடி நீளப் பெட்டி ஒன்றை அமைத்தார். அதற்குள் மணலைப் பரப்பி, காற்றை ஓட விட்டு, கண்ணாடி வழியே பார்த்தார்.

மணல் மணிகள் பறப்பதில்லை, குதிக்கின்றன என்று கண்டார். ஒரு மணி எழும்பும். காற்று அதை முன்னே தள்ளும். விழுந்த வேகத்தில் அது வேறு மணிகளைக் கிளப்பி விடும். தன்னைப்போல் 200 மடங்கு எடையுள்ள மணியைக்கூட அது நகர்த்தி விடும்.

ஏறத்தாழ முக்கால் பங்கு மணல் இப்படிக் குதித்தே போகிறது. மீதி தரையோடு ஊர்கிறது. வானம் வரை எழும்புவது தூசிதான். மணல் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே ஓடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், நகரும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும்!

கேள்விக்குப் பதில்

கல் தரையில் விழும் மணி பந்து போலத் துள்ளி ஓடி விடும். மணல் மேல் விழுந்தால் அதன் வேகம் மணலிலேயே அடங்கி விடும். அங்கே கிளம்பும் மணிகளைச் சுமந்து காற்றும் தளர்ந்து போகும். ஆகவே மணல் இருக்கும் இடத்திலேயே மேலும் மணல் சேருகிறது. சிறு மேடு குன்றாக வளர்கிறது.

காற்று வரும் பக்கம் குன்று சரிவாக இருக்கும். காற்று அங்கே மணலை அரித்து உச்சிக்கு ஏற்றும். மறு பக்கத்தில் சாய்வு சுமார் 34 டிகிரியைத் தாண்டினால் மணல் சரிந்து விழும். பின்னால் அரிந்து முன்னால் விழுவதால் குன்று நடக்கிறது.

உயரம் குறைந்த இரு ஓரங்களும் வேகமாக ஓடுவதால் குன்று பிறை வடிவம் பெறுகிறது. சிறிய குன்று, பெரிய குன்றை விட வேகமாக நடக்கும். இரண்டு திசைகளில் மாறி மாறிக் காற்று அடித்தால், வாள் போல நீண்ட மணல் தொடர் உண்டாகும்.

1938-ல் பாக்னால்டு மீண்டும் பாலைவனத்துக்குப் போய், மணல் காற்றின் நடுவே கருவிகளை வைத்து அளந்தார். பெட்டியில் கண்ட கணக்கு அங்கேயும் சரியாக இருந்தது. இந்த ஆராய்ச்சி 1941-ல் நூலாக வெளிவந்தது.

போரில் உதவிய மணல்

1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் சென்ற கப்பல் மத்தியதரைக் கடலில் வேறு கப்பலோடு மோதி, பழுது பார்க்க எகிப்தில் நின்றது. அதனால் கெய்ரோ போன அவரைத் தளபதி வேவல் அங்கேயே நிறுத்திக் கொண்டார். இந்த வேவல்தான் பின்னாளில் இந்திய வைஸ்ராய் ஆனவர்.

1940-ல் பாலைவன லாரிப் படை ஒன்றை பாக்னால்டு ஆறே வாரத்தில் அமைத்தார். யாரும் வர முடியாது என்று எதிரி காவல் போடாமல் விட்ட மணல் வழியே அந்தப் படை போய் வந்தது.

செவ்வாயிலும் அவர் பெயர்

1944-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பிறகு ஆற்று நீர் மணலை எப்படிச் சுமக்கிறது என்று ஆராய்ந்தார். செவ்வாய்க் கிரகத்திலும் மணல் குன்றுகள் இருப்பது தெரிய வந்தபோது, அமெரிக்க விண்வெளி விஞ்ஞானிகள் அவருடைய நூலைத்தான் எடுத்துப் படித்தார்கள்.

ராஜஸ்தானில் இன்றும் கோடைக் காற்று ரயில் பாதை மேல் மணலைக் கொண்டு வந்து கொட்டுகிறது. மணல் நகராதிருக்க, குன்றின் மேல் முள் செடிகளைக் கட்டம் கட்டமாக நட்டு, மரக் கன்று வைக்கிறார்கள். தரையோரக் காற்றைத் தளர்த்தினால் மணல் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. பாக்னால்டின் கணக்கும் அதையே சொல்கிறது.

நோயாளி என்று ராணுவத்தை விட்டு வந்தவர், அதன் பிறகு 55 ஆண்டுகள் வாழ்ந்தார். 1990 மே 28-ந் தேதி, 94-வது வயதில் காலமானார். 2015-ல் அமெரிக்காவின் கியூரியாசிட்டி வண்டி செவ்வாயில் கரிய மணல் குன்றுகளின் அருகே போய் நின்றது. அந்தக் குன்றுகளுக்கு பாக்னால்டு குன்றுகள் என்றே பெயர்.