குரலையே மாற்றிய வித்துவான்

அரியலூருக்கு அருகே பெரிய திருக்குன்றம் என்று ஓர் ஊர். 1790-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர் கிருஷ்ணையர். இளமையிலேயே சங்கீதம் கற்றார். தஞ்சாவூர் அரண்மனையில் வித்துவானாக அமர்ந்தார்.

துணிந்தவர் ஒருவரே

ஒரு சமயம், பொப்பிலி கேசவையா என்ற தெலுங்கு நாட்டு வித்துவான் தஞ்சைக்கு வந்தார். அவர் பாடியது "கன மார்க்கம்". அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, சிங்கம் கர்ஜிப்பது போலப் பாடும் முறை அது. சபை பிரமித்தது!

இதைக் கற்க நம்மவர் யாராவது உண்டா என்று மன்னர் கேட்டார். எல்லோரும் தயங்கினார்கள். புது முறைக்குப் போய், உள்ள குரலும் கெட்டுவிட்டால்? பாடகனுக்குக் குரல்தானே சோறு!

கிருஷ்ணையர் முன்வந்தார். கேசவையாவிடம் முறையைக் கற்றார். பிறகு கபிஸ்தலத்தில் தங்கி, விடாமல் சாதகம் செய்தார். உடல்வலிமை இல்லாமல் இந்தப் பாட்டு வராது. அங்கே இராமபத்திர மூப்பனார் அவரை ஆதரித்தார். மீண்டும் தஞ்சைச் சபையில் பாடியபோது, பழைய கிருஷ்ணையரைக் காணோம். "கனம்" என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கர்ஜனையும் கனிவும்

அதோடு அவர் நின்றுவிடவில்லை. திருவிடைமருதூரிலும், பின்னர் சொந்தச் சீமையான உடையார்பாளையம் ஜமீனிலும் இருந்தபோது தமிழில் பதங்கள் இயற்றினார். பதம் என்பது நிதானமாக, உருக்கமாகப் பாடுவது. கர்ஜித்த குரலில் இப்போது பெண்மனத்தின் ஏக்கம் ஒலித்தது.

ஒரு சமயம் ஜமீன்தார் அவரிடம் பாராமுகமாக இருந்தாராம். வித்துவான் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. நாயகன் கைவிட்ட நாயகி பாடுவதாக ஒரு பதம் கட்டிப் பாடினார். ஜமீன்தார் மனம் இளகியது. பழைய அன்பு திரும்பியது.

1854-இல் கிருஷ்ணையர் காலமானார்.

நமக்குக் கிடைத்த கதை

அவருடைய உறவினரும் சீடருமான வேங்கடசுப்பையர் அந்தப் பதங்களை அரியலூர்ப் பக்கத்தில் பாடி வந்தார். அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்த அவருடைய மகன் அவற்றைக் கேட்டுக்கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார். அந்த மகன்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்! 1936-இல் கிருஷ்ணையரின் சரித்திரத்தை அவர் நூலாக வெளியிட்டார்.

கன மார்க்கம் அருகிவிட்டது. அதைப் பாட அத்தகைய உடலும் உழைப்பும் வேண்டுமே! ஆனால் பதங்கள் நிலைத்தன. பைரவி ராகத்தில் முருகனை நோக்கி அவர் பாடிய பதத்தைக் கச்சேரியிலும் பரதநாட்டிய மேடையிலும் இன்றும் கேட்கலாம்.