ஐடா ஸ்கட்டர் அம்மையார்

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் வாழவே விரும்பினார். நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-இல் திண்டிவனம் வந்தார். அங்கு ஓர் இரவு, பேறுகால வேதனையுற்ற தம் மனைவியரைக் காக்குமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து அவரை வேண்டினர். ஐடா மருத்துவம் அறியாதவர். அவர்தம் தந்தையாரோ மருத்துவர். ஆயினும் ஆடவர் மகளிரைத் தொடலாகாதென்று மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது புலருமுன் மூன்று பெண்டிரும் உயிர் நீத்தனர். மருத்துவர் அருகிருந்தும் நேர்ந்த சாவுகள்! கொடுமையிற் கொடுமை இதுவன்றோ!

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று மீண்டார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அங்கு வர இயலாத சிற்றூராரை நாடி மாட்டுவண்டியிலும், பின்னர் மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் சென்று, மரநிழலில் மருந்தளித்தார்.

ஒருவர் கை எத்தனை பேரைத் தொடும்? ஆதலின் 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் மகளிர் மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். மூன்று பெண்களேனும் படிக்க முன்வருவரோ என அரசாங்க மருத்துவத் தலைவர் ஐயுற்றார். நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்.

பெண்களுக்கெனத் தோன்றிய அப்பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1947-இல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டது. அதனைக் கண்ணாரக் கண்ட அம்மையார், 1960 மே 24-இல் கோடைக்கானலில் காலமானார்.