சரோஜினி யோகேஸ்வரன்: அளக்க முன்னரே முடிந்த பதவிக்காலம்

திருமதி சரோஜினி யோகேஸ்வரனின் பெயரைச் சொன்னதும் யாழ்ப்பாணத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்திதான். யாழ். மாநகர சபையின் முதலாவது பெண் முதல்வராக அவர் எதைச் செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்று யாரும் பேசுவதில்லை. பேசவும் அதிகம் இல்லை. 1998 ஜனவரி 29ஆம் திகதி தேர்தல், மே 17ஆம் திகதி கொலை. இடையில் 108 நாட்கள். அதிலும் ஒரு பகுதியில்தான் அவர் முதல்வர் கதிரையில் இருந்தார்.

அவருடைய கணவர் வெற்றிவேலு யோகேஸ்வரன் 1977இல் யாழ்ப்பாணத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். 1981இல் நூலகம் எரிந்த அதே நாட்களில் அவர்களுடைய வீடும் எரிக்கப்பட்டது. எரித்தவர்கள் பொலிஸார். 1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் அமிர்தலிங்கத்தோடு யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் தமிழ் இளைஞர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்கிய ஒரு பெண், ஒன்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் வந்து தேர்தலில் நின்றார். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது அதுதான்.

அவர் பொறுப்பேற்ற நகரத்தை அன்று அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின் சனம் திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. ஏ-9 பாதை பூட்டு, சாமான் கப்பலில் வரவேண்டும். தேசிய மின்வலையமைப்பு யாழ்ப்பாணத்தை எட்டவில்லை. கோட்டையைச் சுற்றி இடிபாடுகள். 1983க்குப் பின் 15 ஆண்டுகளாக உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை.

அந்த 15 ஆண்டுகளும் சபையே இருக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஊழியர்கள் இருந்தார்கள். முடிந்த அளவுக்குக் குப்பை அள்ளப்பட்டது. இல்லாமற் போனது, அள்ளப்படாத குப்பைக்காகப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஓர் ஆள். அதிகாரி மாற்றலாகிப் போவார். ஊரவரின் வாக்கில் வந்தவரை ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் மறித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். சபையின் சேவையைக் கண்காணிப்பது என்பதை இன்று அரசசார்பற்ற நிறுவனங்கள் பெரிய சொற்களில் சொல்கின்றன. அடிப்படையில் அது இவ்வளவுதான்.

அந்தத் தேர்தலின் குறைகளையும் சொல்ல வேண்டும். இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் நடந்த வாக்கெடுப்பு அது. வாக்களித்தோர் தொகை குறைவு. யாழ்ப்பாணம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று உலகுக்குக் காட்ட அரசாங்கத்துக்கு அது தேவைப்பட்டது. காணாமலாக்கப்பட்டவர்களைத் தாய்மார் தேடித் திரிந்த ஊரில் வீதி விளக்கைப் பற்றிப் பேசும் சபை எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. நகரத்தில் எந்த வீதி திறக்கும், எது பூட்டும் என்பதை இராணுவம்தான் தீர்மானித்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் முதல்வருக்கு அதற்குள் எஞ்சியிருந்த இடம் சிறியது.

அந்தச் சிறிய இடத்துக்குள்ளும் அவர் ஒரு முடிவை எடுத்தார். தமக்கு வழங்க முன்வந்த மெய்ப்பாதுகாப்பை ஏற்கவில்லை. துணிச்சல் என்று சிலர் சொல்வார்கள், அலட்சியம் என்று வேறு சிலர். என் வாசிப்பு வேறு. வாசலில் சிப்பாய் நிற்கும் வீட்டுக்கு, கிணற்றுத் தண்ணீரில் நாற்றம் என்று சொல்ல யார் வருவார்கள்? கதவு திறந்திருந்த அந்த வீட்டுக்குள் மே 17ஆம் திகதி ஆயுததாரிகள் வந்தார்கள். சங்கிலியன் படை என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் விடுதலைப் புலிகளே என்று பரவலாகக் கருதப்பட்டது.

அவருக்குப் பின் பொன். சிவபாலன் முதல்வரானார். 117 நாட்கள் கழித்து, செப்டெம்பர் 11ஆம் திகதி, கூட்டமொன்றில் குண்டு வெடித்து அவரும் இறந்தார். இராணுவத்தின் நகரத் தளபதி பிரிகேடியர் சுசந்த மெண்டிஸ் உட்படப் பலர் அதில் கொல்லப்பட்டனர். யாழ். நகரின் போக்குவரத்து ஒழுங்கைப் பேசக் கூடிய கூட்டம் அது. எந்த வீதியை ஒருவழியாக்குவது, பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பது எந்த ஊர்ச் சபையிலும் கொட்டாவி வரவைக்கும் விடயம். அதைப் பேசப் போன இடத்தில்தான் உயிர் போனது.

எஞ்சியிருந்த சபையும் நிலைக்கவில்லை. 1998இல் நூலகத்தை மீளக் கட்டும் வேலை தொடங்கியது. 2003இல் அதைத் திறப்பதா இல்லையா என்ற இழுபறியில் உறுப்பினர்கள் 23 பேரும் பதவி விலகினார்கள். அடுத்த மாநகர சபைத் தேர்தல் 2009 ஓகஸ்டில். 1983 முதல் அதுவரையான 26 ஆண்டுகளில், தெரிவு செய்யப்பட்ட சபை இயங்கியது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் மட்டுமே.

போர் முடிந்த பிறகும் அந்தக் கதிரை பல தடவை வெறுமையாகவே கிடந்தது. 2018இல் வட்டார முறை வந்து, உறுப்பினர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியதாக இருந்தது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை நாடு முழுவதும் அதிகாரிகளே நடத்தினார்கள். துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை, பணமில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டதே போதுமாயிருந்தது. சனம் சோலை வரியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். சபை அமர்வின் கூட்டறிக்கையையும் கேட்கலாம். 2009இலும் 2025இலும் பெண்கள் முதல்வர் கதிரைக்கு வந்தார்கள். 2009இல் வந்த சபையை ஊர் இன்னும் ஏசும், சிலர் மெச்சவும் செய்வார்கள். 2025இல் வந்த சபையையும் வெள்ளம் நின்ற ஒழுங்கைக்காரர் ஏசுவார்கள். சரோஜினி யோகேஸ்வரனின் நினைவு நாளில் படத்துக்கு மாலை போட வருபவர்களில், அவருடைய சபை வெட்டிய வாய்க்காலைப் பற்றிச் சண்டை பிடிக்க யாரும் இல்லை.