ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கால்



வீட்டில் 1947-ஆம் வருடத்து ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் புலி, மறுபக்கம் கிரீடம் வைத்த தலை. அவர்தான் ஆறாம் ஜார்ஜ். 1938-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட முதல் ஐந்து ரூபாய் நோட்டிலும் அவர் முகம்தான். (ராஜபாளையத்தில் ராஜா என்று எழுதினால் எந்த வீட்டு ராஜா என்று கேட்பீர்கள், அதனால் மன்னர் என்றே எழுதுகிறேன்.)

1895 டிசம்பர் 14-ல் பிறந்தார். இரண்டாவது மகன், திக்குவாய். கடற்படையில் சேர்ந்து 1916-ல் ஜட்லாண்ட் போரில் இருந்தார். அண்ணன் முடி துறந்ததால் 1936 டிசம்பரில் பட்டம் இவரிடம் வந்தது. போரில் அரண்மனை மீதே குண்டு விழுந்தது. இதெல்லாம் சினிமாவிலும் புத்தகத்திலும் நிறைய வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அவர் காலைப் பற்றி.

மன்னர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். 1948-ல் காலில் தசைப்பிடிப்பு தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பாதி தூரம் போவதற்குள் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும், நடந்தால் மறுபடி பிடிக்கும் என்று நம்மில் சிலர் சொல்வோமே, அந்த ஜாதி வலி. வயசாகிவிட்டது என்று நாம் தள்ளிவிடுகிறோம். அவரும் பல மாதம் தள்ளினார். அக்டோபரில் பாதம் மரத்து, இரவில் தூக்கம் போயிற்று. நவம்பரில் எடின்பரோவிலிருந்து பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த் வந்து பார்த்தார். ரத்தக்குழாய் அடைப்பு, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற பயம். மூத்த மகள் எலிசபெத்துக்கு அப்போது பிரசவ நேரம். குழந்தை பிறக்கும்வரை அவளிடம் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டார். நவம்பர் 14-ல் பேரன் சார்லஸ் பிறந்த பிறகே ஆஸ்திரேலியப் பயணம் தள்ளிவைக்கப்பட்ட செய்தி வெளிவந்தது.

1949 மார்ச் 12-ல் அரண்மனையிலேயே அறுவை சிகிச்சை. முதுகெலும்பருகே ஓடி, ரத்தக்குழாய்களை இறுக்கி வைக்கும் நரம்பை வெட்டினார்கள். சிறு குழாய்கள் விரிந்து பாதத்துக்கு ரத்தம் போகும். ஆனால் அடைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. (அடுத்த மாதம் நம்ம ஊர் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போதும் சட்டப்படி நாட்டின் தலைவர் இந்த மன்னர்தான்.)

கால் பிழைத்தது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று இருக்கும் வசதி அன்று இல்லை. ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை லிஸ்பனில் டாஸ் சாண்டோஸ் 1929-லேயே தொடங்கியிருந்தார். வலியில்லாத டாப்ளர் ஸ்கேன் பின்னால் வந்தது. இன்றைக்கு முழங்காலுக்குக் கீழே எத்தனை குழாய் திறந்திருக்கிறது, சுவரில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று படத்தில் பார்க்கிறார்கள். பாதம்வரை நல்ல ஓட்டம் இருந்தால் பலூனோ பைபாஸோ நிலைக்க வாய்ப்பு அதிகம். செய்த பிறகும் அவ்வப்போது டாப்ளர் பார்த்து, மறுபடி சுருங்குகிறதா என்று கவனிக்கிறார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கணக்கு. நம்ம வங்கிக் கணக்கை விடச் சுலபம்தான். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் விறைத்திருப்பதால் இந்த எண் நல்லதாகக் காட்டி ஏமாற்றும். அவர்களுக்குப் படம் இன்னும் முக்கியம்.

இதில் நான் பெரிதாக நினைப்பது வேறு. காலில் அடைப்பு என்றால் இதயக் குழாயிலும் மூளைக் குழாயிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் கால் டாக்டர் இதயத்தையும் பார்க்கச் சொல்கிறார். வீண் செலவு என்று முணுமுணுக்கிறோம்.

மன்னருக்கு 1951-ல் எக்ஸ்ரே பார்த்ததில் இடது நுரையீரலில் நிழல் தெரிந்தது. செப்டம்பர் 23-ல் அந்த நுரையீரலை எடுத்தார்கள். புற்றுநோய் என்று அவரிடம் சொல்லவில்லை. 1952 ஜனவரி 31-ல் வெளிநாடு கிளம்பிய மகளை விமான நிலையத்தில் வழியனுப்பினார். பிப்ரவரி 5 பகலெல்லாம் சாண்ட்ரிங்ஹாமில் வேட்டைக்குப் போய் நடந்தார். அன்றிரவு தூக்கத்திலேயே இறந்தார், 56 வயதில். இதயக் குழாயில் ரத்தக்கட்டி என்றார்கள்.

அடைத்த கால் குழாயை அறுக்காமல் உள்ளிருந்தே விரிக்கும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் முதலில் செய்தது 1964 ஜனவரியில். நோயாளி, காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டி. அவர் பிறகு சொந்தக் காலிலேயே நடந்தார்.