கேட்காமல் கூட்டிய வட்டி: சேர் பெனகல் ராமராவ்

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். காசைச் செலவழிப்பவரும் காசைக் காப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஊர்ச் சங்கத்திலோ பழைய மாணவர் சங்கத்திலோ தலைவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைக்கும் பொருளாளர் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் புலம்பெயர்ந்த மண்ணிலும் கண்டிருக்கிறோம். ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கும் இதே சிக்கல் உண்டு. அதற்காகப் பதவியைத் துறந்தவர் இந்திய ரிசர்வ் வங்கியின் நான்காவது ஆளுநர் சேர் பெனகல் ராமராவ்.

1889 இல் பிறந்த அவர் மங்களூர்ப் பக்கத்துக் குடும்பத்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்தார். அரசியலமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகராக இருந்த பி. என். ராவ் இவருடைய சகோதரர். 1919 இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். சுதந்திரத்தின் பின் யப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதராக இருந்துவிட்டு, 1949 யூலையில் ரிசர்வ் வங்கிக்கு வந்தார்.

1935 இல் பங்குதாரர்களின் வங்கியாகத் தொடங்கிய அது, 1949 சனவரி முதலாந் திகதி அரசுடைமையாகியிருந்தது. ஆளுநரை நியமிப்பது அரசு. பொதுநலன் கருதி வங்கிக்குப் பணிப்புரை வழங்கவும் அரசுக்குச் சட்டம் இடங்கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் ஆளுநருடன் கலந்து பேச வேண்டும். எங்கள் பார்வையில் ராமராவின் கதை முழுவதும் அந்த நிபந்தனைக்குள்தான் இருக்கிறது.

1951 நவம்பரில் அவர் வங்கி வீதத்தை 3 இலிருந்து 3.5 சதவீதமாக உயர்த்தினார். 1952 இல், மாற்றுண்டியல்களை ஈடாக வைத்து வர்த்தக வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் பெறும் திட்டத்தைக் கொண்டுவந்தார். (நாங்கள் ஊருக்குக் காசனுப்பும் உண்டியல் அல்ல இது, வணிகப் பாடத்தில் படித்தது.)

1956 இல் நிதியமைச்சராக வந்தவர் சென்னைத் தமிழரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அந்த ஆண்டு நவம்பரில் அவர் மாற்றுண்டியல்களுக்கான முத்திரைத் தீர்வையைக் கூட்டினார். பெயருக்கு அது வரி. ஆனால் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பெறும் கடனின் செலவு அதனால் ஏறியது. வங்கி வீதத்தை உயர்த்தினால் என்ன நடக்குமோ, அதுவே நடந்தது. வீதத்தைத் தீர்மானிக்க வேண்டிய வங்கியிடம் யாரும் கேட்கவில்லை.

ராமராவ் இயக்குநர் சபையிடம் முறையிட்டார். பணக் கொள்கையைத் தொடும் விடயங்களில் முன்கூட்டியே கலந்து பேசுமாறு சபை அரசைக் கேட்டுக்கொண்டது. அமைச்சரோ ரிசர்வ் வங்கி தன் அமைச்சின் ஒரு பிரிவுதான் என்று நின்றார். பிரதமர் நேருவும் அமைச்சரின் பக்கமே சாய்ந்தார். 1957 சனவரியில், ஏழரை ஆண்டுப் பணியின் பின், ராமராவ் பதவி விலகினார். இன்றுவரை அந்தப் பதவியில் நீண்ட காலம் இருந்தவர் அவரே.

அமைச்சரிடமும் நியாயம் இல்லாமலில்லை. வரி போடுவது பாராளுமன்றத்தின் உரிமை. மக்கள் தெரிவு செய்த அரசுக்கு மேலே ஒரு வங்கி இருக்க முடியாது. ஆனால் கேட்டுவிட்டு மறுப்பது வேறு. கேட்காமலே விடுவது வேறு. அதே ஆண்டில் அரசின் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமல் முந்திரா என்பவரின் கம்பனிப் பங்குகளில் ஒரு கோடிக்கு மேல் போட்டது. விசாரணை வந்தது, 1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரியும் பதவி விலகினார்.

ராமராவ் 1969 இல் காலமானார். சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து, இந்தச் செலவுக்குப் பொருளாளரைக் கேட்டீர்களா என்றால், அவரைக் குழப்பக்காரர் என்று இருத்திவிடாதிருப்போம்.