சோடா கடை காசுல பல் காலேஜ்!

கல்வராயன் மலையடிவாரத்துல தாத்தாவுக்கு வேப்பங்குச்சி, பேரனுக்கு பேஸ்ட். ஆனா, சொத்தைப்பல் வலி வந்துட்டா ரெண்டு பேருக்குமே பல் டாக்டர்தான் வேணும். அந்தப் படிப்புக்கு இந்தியாவுல முதல் கல்லூரி தொடங்கினவர், டாக்டர் ரஃபியுதீன் அகமது.

1890 டிசம்பர் 24-ல் கிழக்கு வங்கத்துல பிறந்தவர். அமெரிக்கா போய், 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்துல பல் மருத்துவம் முடிச்சார். நாடு திரும்பி, 1920-ல் கல்கத்தாவுல கல்லூரியைத் தொடங்கினார். செலவுக்குப் பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுன்டன்'னு ஒரு கடை போட்டார். பல்லுக்கு ஆகாத சோடா, பல் டாக்டர்களைப் படிக்க வெச்சது!

அப்படி வளர்த்த கல்லூரியை 1949-ல் மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துட்டார். 1964-ல் பத்மபூஷண், அடுத்த வருஷமே மறைஞ்சார். அவர் பிறந்தநாள்தான் இப்போ தேசியப் பல் மருத்துவர் தினம்.

சோடா குடிச்சா, ராத்திரி மறக்காம பல் துலக்கிடுங்க மக்களே!