பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த ஜி.டி.நாயுடு

கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் மண்சாலையில் ஒரு நாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் பெயர் லங்காஷயர். சர்க்கார் உத்தியோகஸ்தர்.

மாடு இல்லை. குதிரை இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! அந்த ஊர் வாலிபர் ஒருவர் கண் கொட்டாமல் அதைப் பார்த்தார். துரை போய்விட்டார். வண்டி மட்டும் வாலிபரின் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த வாலிபர்தான் துரைசாமி. பின்னாளில் ஜி.டி.நாயுடு என்று நாடு முழுவதும் பெயர் பெற்றவர். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தவர். தந்தை கோபால்சாமி நாயுடு விவசாயி. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

ஓட்டல் வேலை

அந்த வண்டியை எப்படியும் வாங்கிவிட வேண்டும். கையில் பணமோ இல்லை. கோவைக்குப் போனார். ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். வருகிறவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினார். காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் துரையிடம் போய், வண்டியை விலைக்கு வாங்கினார். விலை சுமார் 300 ரூபாய் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி அது. துரை ஓட்டிப் பழகிய பழைய வண்டி.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். அதுதான் அவருடைய தொழில் பள்ளிக்கூடம். (நம் வீட்டுப் பையன் கடிகாரத்தைக் கழற்றினால் நாம் முதுகில் ஒன்று வைக்கிறோம்!)

வீதிக்கு ஒரு மெக்கானிக் கடை இல்லாத காலம் அது. இங்கிலாந்து வண்டிக்குச் சாமான் வேண்டுமானால் கப்பலில் வரவேண்டும். சொந்தமாகக் கழற்றிப் பூட்டத் தெரியாதவனுக்கு, நின்று போன வண்டி வெறும் இரும்புதான்.

திருப்பூரில் வந்த பணம்

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. பருத்திக்கு நல்ல கிராக்கி. நாயுடு திருப்பூருக்கு வந்து பருத்தித் தொழிலில் இறங்கினார். பனியன் தொழிலால் உலகமெல்லாம் அறிந்த இன்றைய திருப்பூர் அல்ல. பருத்தி மூட்டைகள் வந்து குவிந்த திருப்பூர். பணமும் குவிந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரத்தில் கை வைத்தார். சேர்த்த பணம் போயிற்று. திருப்பூரில் சம்பாதித்ததைப் பம்பாயில் கொட்டிவிட்டு ஊர் திரும்பினார். அவசரம் அவரோடு பிறந்த குணம். இந்த முறை அது அவரைக் கவிழ்த்துவிட்டது.

ஒரே ஒரு பஸ்

இனி என்ன செய்வது? பழகிய மோட்டார்தான் கை கொடுத்தது. கோவையில் ஸ்டேன்ஸ் துரை உதவி செய்தார். 1920-ம் ஆண்டு ஒரு பஸ் கைக்கு வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே அதை ஓட்டினார்.

சுமார் 40 மைல் தூரம். வழியில் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம். இவை இன்று திருப்பூர் மாவட்டத்து ஊர்கள். அப்போது அந்த வழியில் ரெயில் கிடையாது. பழனிக்குப் போகும் பக்தர்களும் சந்தைக்குப் போகும் வியாபாரிகளும் பஸ்ஸில் ஏறினார்கள்.

நூறு பஸ் வைத்திருப்பவனுக்கு ஒரு பஸ் நின்றால் நஷ்டம் சிறிது. ஒரே பஸ் வைத்திருப்பவனுக்கு அது நின்றால் அன்று அடுப்பு எரியாது. கடனும் கட்ட முடியாது.

பஸ் ஆனாலும் கார் ஆனாலும், உரசும் இடமெல்லாம் தேயும். பிரேக் கட்டை தேயும். பேரிங் தேயும். எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் வளையங்கள் தேயும். வளையம் தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறி எரியும்; பின்னால் நீலப் புகை வரும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். தேய்ந்ததை உடனே மாற்றினால் ஒரு சாமானோடு செலவு முடியும். விட்டுவிட்டால் பக்கத்துச் சாமானையும் தின்றுவிடும்.

திருப்பூரில் இன்று பழைய காரோ வேனோ வாங்கிப் பனியன் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான். சாமான் வாங்கப் போகும்போது, கழற்றிய பழையதைக் கையோடு கொண்டு போக வேண்டும். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும், வண்டி செய்த வருஷம் மாறினால் அளவு மாறலாம். சிலிண்டரைக் கடைந்திருந்தால், கடைந்த அளவுக்கு ஏற்ற பெரிய பிஸ்டன் வேண்டும். கதவு, கண்ணாடி போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் அந்தச் சிக்கனம் வேண்டாம். உயிர் போகும்!

பஸ்கள் பெருகின

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர். யு.எம்.எஸ். என்றால் கோவை ஜில்லாவில் தெரியாதவர் இல்லை. குறித்த நேரத்துக்கு பஸ் வரும் என்று பெயர் எடுத்தது. ரேடியேட்டர் அதிர்வைச் சோதிக்கும் கருவியையும், டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்தையும் நாயுடு உண்டாக்கினார்.

பிறகு அவர் கை எதைத்தான் தொடவில்லை! மின்சார சவரக் கத்தி செய்தார். 1937-ம் ஆண்டு கோவையில் மின்சார மோட்டார் செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1945-ம் ஆண்டு ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்க இடமும் பொருளும் தந்தார். அதற்கு அவரே பிரின்ஸ்பாலாகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்றார். சர்க்கார் ஒப்பவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியேறினார். இங்கேயும் அந்த அவசரம்தான்! 1952-ம் ஆண்டு, 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் என்று திட்டம் போட்டார். அதற்கும் சர்க்கார் அனுமதி கிடைக்கவில்லை.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார்.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயர் விளங்கும் கார் காட்சிசாலை இருக்கிறது. அந்தக் காலத்து வெளிநாட்டுக் கார்கள் பளபளவென்று துடைத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. திருப்பூர் வண்டிகள் மூட்டைகளோடு அதே ரோட்டில் போய்க்கொண்டிருக்கின்றன.